விதைக்காதவர்கள் வாழ்ந்த தீவு

சனிக்கிழமை, புலாவ் உபின்

சிங்கப்பூரின் சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் உபின் தீவுக்குப் படகை எடுக்கிறார்கள். அக்கா, அக்கா மகன், அக்காவின் மாமியார், நான் என்று நாலு பேர் போயிருந்தோம். மிதிவண்டியோடு ஒரு கூட்டம் வந்து சேர்ந்ததும் படகு கிளம்பியது. அத்தைக்கு, அதாவது அக்காவின் மாமியாருக்கு, எழுபது தாண்டிவிட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். "எனக்கே உபினைச் சுத்திக் காட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கும்பகோணத்துப் பக்கம், நெல்லைத் தவிர வேறு பேச்சில்லாத ஊரில் வளர்ந்தவள் நான். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் காய்கனி பறித்தும் சிப்பி பொறுக்கியும் வாழ்ந்த மனிதர்கள் பயிர்செய்யத் தொடங்கியபோது அவர்கள் வாழ்க்கையில் என்னென்ன மாறின என்பதைச் சில காலமாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க, அந்த மாற்றத்துக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகி நிற்கிறது. அதைச் சிங்கப்பூரில் வந்தா தேடுவாய் என்று அக்கா கேட்டாள். 1819-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் ராஃபிள்ஸ் இங்கே வந்து இறங்கியபோது தீவில் இருந்தவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். காலாங் ஆற்றில் 500 பேர், செலேத்தார் பக்கம் 200 பேர், கிளாம் மக்கள் 150 பேர் என்று பெரும்பகுதியினர் ஓராங் லாவுட் எனப்படும் கடல் மக்கள். கடலும் சதுப்பும்தான் அவர்களுக்குச் சோறு போட்டன. செலேத்தார் மக்கள் படகிலேயே பிறந்து, படகிலேயே சமைத்து, அலையாத்திக் காட்டுக்குள் நாய்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவர்கள். ஏர் பிடிக்காத மக்களின் தீவு இது. தேட இதைவிட நல்ல இடம் எது?

வேன் பிடித்து, உபினின் செக் ஜாவா என்ற சேற்றுக் கரைக்குப் போனோம். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஜனவரியில் பொழுது சாயும் வேளையில்தான் நன்றாக வற்றுகிறது. 2001-இல் இந்தக் கரை நில மீட்புப் பணியில் மண்ணுக்கடியில் போக இருந்தது. இயற்கை ஆர்வலர்கள் இங்குள்ள உயிர்களைப் பதிவுசெய்து எடுத்துச் சொன்ன பிறகு, அந்த ஆண்டின் கடைசியில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. நல்ல வேளை.

அலையாத்திக் காட்டுக்குள் போகும் நடைபாலத்தில் நின்று பார்த்தபோது எனக்குத் தெரிந்தது வெறும் சேறு. அத்தை கைப்பிடியில் சாய்ந்துகொண்டு சேற்றைப் படித்தார். "அந்த ஓட்டையைச் சுத்தி உருண்டை உருண்டையா மண்ணு கிடக்கு பார், அது நண்டு. பக்கத்துல ரெண்டு ஓட்டை ஜோடியா இருக்கே, அது சிப்பி. விரலை விட்டா தண்ணி பீச்சும். சின்னப் பிள்ளையில செம்பவாங் கரையில ஒரு வாளி எடுப்போம். அம்மா புளி போட்டு வைப்பாங்க." எட்டுக் கை தூரத்திலிருந்த சேற்றில் அவருக்கு நாலு வகை உணவு தெரிந்தது. தள்ளி நின்ற நீப்பா பனையைக் காட்டி, ஐஸ் கச்சாங் என்ற சீவிய பனிக்கட்டி இனிப்பில் போடும் அந்த வழுவழுப்பான கொட்டை இதிலிருந்துதான் வருகிறது என்று பேரனுக்குச் சொன்னார். அவனுக்கு அது டப்பாவில் வருவதுதான் தெரியும். இப்போது செக் ஜாவாவில் எதையும் எடுக்கக் கூடாது. அது சரியான விதி. ஆனால் எடுக்கத் தெரிந்தவர்களின் கண் எப்படி இருந்திருக்கும் என்பதை அத்தையிடம் இன்று கொஞ்சம் பார்த்தேன்.

தாய்லாந்து வளைகுடாக் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே கோக் பனோம் டீ என்று ஒரு மேடு இருக்கிறது. 4,000 ஆண்டுகளுக்கு முன் அதுவும் இப்படியொரு கழிமுகமாகத்தான் இருந்தது. 1985-இல் தொல்லியலாளர் சார்ல்ஸ் ஹையம் குழுவினர் அங்கே தோண்டி, தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் புதைக்கப்பட்ட 154 பேரை வெளியே கொண்டுவந்தார்கள். மீனும் நண்டும் சிப்பியும் உண்டவர்கள். ஆற்றுநீர் பெருகி நன்னீர் நிலம் கிடைத்த காலத்தில் நெல்லும் விளைத்திருக்கிறார்கள். உப்புநீர் திரும்பி ஏறியதும் நெல்லை விட்டுவிட்டுக் கடலுக்கே போயிருக்கிறார்கள். 1,20,000-க்கும் மேற்பட்ட சிப்பி மணிகளோடு அங்கே அடக்கம் செய்யப்பட்ட பெண்ணை ஆய்வாளர்கள் இளவரசி என்று அழைக்கிறார்கள். மண்பாண்டம் வனையும் கருவிகள் அவர் அருகில் இருந்தன. அவர் வாழ்ந்தது நெல் பின்வாங்கிவிட்ட காலத்தில். வயல் வந்தால்தான் செல்வம் வரும், செல்வம் வந்தால்தான் மரியாதை வரும் என்று நேர்கோடு போடுகிறவர்கள் இந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதே மேட்டில் பிறந்தவுடன் இறந்த குழந்தைகளின் குழிகள் ஏராளம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுக்கி உண்ட வாழ்க்கை சொர்க்கமாக இருந்தது என்று நான் எழுத வரவில்லை.

ஞாயிறு, காத்தோங்

மதியம் ஒரு பெரானாக்கன் (சீன-மலாய்க் கலப்பு மரபு) சாப்பாட்டுக் கடை. நான் தேடி வந்தது ஆயாம் புவா கெலுவாக். கோழிக் குழம்பில் கருங்கல் போல நாலைந்து கொட்டைகள் கிடக்கும். ஒவ்வொன்றின் முனையிலும் சிறிய திறப்பு. குச்சி போன்ற சின்னக் கரண்டியை உள்ளே விட்டுச் சுரண்டினால் தார் நிறத்தில் ஒரு விழுது வருகிறது. லேசான கசப்பு, அடியில் எண்ணெய்ப்பசை, மழை பெய்த மண்ணின் வாசம். சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் பையன் முகம் சுளித்தான். நான் அவன் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.

இந்தக் கொட்டை மரத்திலிருந்து விழும்போது நஞ்சு. சயனைடு இருக்கிறது. வேகவைத்து, சாம்பலும் வாழையிலையும் மண்ணும் போட்டு மூடிச் சுமார் 40 நாள் புதைத்து, எடுத்த பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் உணவாகும். ஒரு படி தவறினாலும் ஆபத்து. இதை முதலில் யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

போர்னியோத் தீவின் சரவாக்கில் நியா குகை இருக்கிறது. 1958-இல் அங்கே கிடைத்த மண்டையோடு ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழையது. அந்தக் குகையின் பழைய படிவுகளில் இதே கெலுவாக் மரத்தின் எச்சங்களும், நஞ்சு நீக்கித் தின்ன வேண்டிய காட்டுக் கிழங்குகளின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. அதாவது, உலகில் எங்குமே யாரும் உழாத காலத்தில், போர்னியோக் காட்டில் வாழ்ந்தவர்கள் நஞ்சை உணவாக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த அறிவின் தொடர்ச்சிதான் இன்று காத்தோங்கில் பீங்கான் தட்டில் வந்தது. எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்த்தது.

வேளாண்மைக்கு முந்தியவர்கள் கண்டதைத் தின்று அலைந்தார்கள் என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இஸ்ரேலில் கலிலேயா ஏரியின் நீர் வற்றியபோது 1989-இல் வெளியே தெரிந்த ஒஹாலோ என்ற இடத்தில், 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் காட்டு பார்லியையும் காட்டுக் கோதுமையையும் சேகரித்து, கல்லில் அரைத்து, புல் பரப்பிப் படுத்திருந்தார்கள். ஜோர்டானில் ஷுபைக்கா என்ற இடத்தின் அடுப்பில் ரொட்டித் துணுக்குகள் கிடைத்தன. வயது சுமார் 14,400 ஆண்டு. அந்தப் பகுதியில் பயிர்த்தொழில் தொடங்கியதோ அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து. துருக்கியில் கோபெக்லி தெப்பேயின் பிரமாண்டமான கல்தூண்களை நட்டவர்களும் காட்டில் வேட்டையாடிச் சேகரித்து வாழ்ந்தவர்களே. அரைக்கும் கல், ரொட்டி, கூட்டாகக் கூடும் இடம் எல்லாம் வயலுக்கு முன்பே வந்துவிட்டன.

"இவ்வளவு தெரிஞ்சவங்க அப்புறம் ஏன் சித்தி விவசாயத்துக்குப் போனாங்க?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. நின்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

திங்கள், யீஷூன்

விடிந்ததிலிருந்து அடைமழை. வடகிழக்குப் பருவமழை இங்கேயும் நம் ஊர் மாதிரியே பிடித்தால் விடுவதில்லை. வெளியே போகவில்லை.

அத்தையின் சமையலறை மூலையில் ஓர் அம்மி இருக்கிறது. கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய நாளில் அதை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று பிடிவாதமாகத் தூக்கிவந்தது. மிக்சி இருந்தும் மீன் குழம்புக்கு அதில்தான் அரைக்கிறார். இன்று நான் அரைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். கொத்தமல்லியும் மிளகாயும் விழுதாவதற்குள் தோளும் இடுப்பும் பேசத் தொடங்கிவிட்டன. "தினம் அரைச்சா பழகிடும்" என்றார் அத்தை. பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "பழகும், ஆனா விடாது" என்றார்.

சிரியாவில் யூஃப்ரடீஸ் கரையில் அபு ஹுரேரா என்ற ஊர் இருந்தது. அணை கட்டி ஏரிக்குள் மூழ்கப் போகிறது என்பதால் 1972, 1973-இல் ஆண்ட்ரூ மூர் அவசரமாகத் தோண்டினார். வேட்டை வாழ்க்கையிலிருந்து வேளாண்மைக்கு மாறிய மக்கள் வாழ்ந்த இடம். அங்கே கிடைத்த எலும்புகளைத் தெயா மோல்சன் ஆராய்ந்தார். பல எலும்புக்கூடுகளில் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து வீங்கியிருந்தது. முழங்காலில் தடம் விழுந்திருந்தது. கீழ் முதுகெலும்பு நசுங்கியிருந்தது. மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, உடம்பின் முழுப் பாரத்தையும் முன்னும் பின்னும் தள்ளி நாள் முழுக்கத் தானியம் அரைத்ததால் வந்த சேதம். பெரும்பாலும் பெண்கள். தானியம் தலைமுறைக்குச் சோறு போட்டது என்று சொல்லும்போது, அந்தச் சோறு இந்தப் பெருவிரல்களின் மேல் ஏறித்தான் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

உழைப்பு கூடியது என்பதற்கு இன்று வாழ்கிறவர்களிடமும் சான்று உண்டு. 1960-களில் மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ, கலஹாரிப் பாலையில் வேட்டையாடிச் சேகரித்து வாழ்ந்த குங் மக்கள் உணவு தேட வாரத்துக்குச் செலவிட்ட நேரத்தைக் கணக்கெடுத்தார். 20 மணி நேரத்தை எட்டவில்லை. சமையல், விறகு, கருவி செய்வது இவற்றைச் சேர்த்தால் கூடும் என்று பிறகு பலர் திருத்தினார்கள். அது நியாயமான திருத்தம். நமக்கு இன்னும் பக்கத்தில், பிலிப்பீன்ஸில் அக்தா மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கடலையும் காட்டையும் நம்புகிறார்கள், சிலர் நெல் வயலுக்கு மாறியிருக்கிறார்கள். 2019-இல் வெளியான ஆய்வில், பயிர்த்தொழிலில் அதிகம் ஈடுபட்டவர்கள் வாரத்துக்குச் சுமார் 10 மணி நேரம் கூடுதலாக உழைத்தார்கள். ஓய்வு அதிகம் குறைந்தது பெண்களுக்கு.

அப்படியென்றால் ஏன் மாறினார்கள்? பள்ளிவிட்டு வந்த பையனிடம் சாயங்காலம் உட்கார்ந்து சொன்னேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தாய்க்கு அடுத்த பிள்ளை தாமதமாக வரும். குங் பெண்களுக்கு இடைவெளி நாலு வருஷம். நெடுநாள் தாய்ப்பால், நெடுந்தூர நடை. ஓரிடத்தில் தங்கி, தானியத்தைக் கஞ்சியாக்கி ஊட்டினால் பால் சீக்கிரம் நிற்கும், அடுத்த பிள்ளை சீக்கிரம் வரும். அக்தா மக்களிலும் ஓரிடத்தில் தங்கியவர்களுக்குப் பிள்ளைகள் அதிகம். நோயும் குழந்தைச் சாவும் அதிகம். ஆனாலும் பிழைத்து வளர்ந்தவர்கள் கூடுதல். உலகின் பல பகுதிகளில் தொடக்ககால வேளாண் ஊர்களின் புதைகுழிகளில் இளம் வயதினரின் பங்கு திடீரென்று கூடுவதை ழான் பியேர் பொக்கே அப்பெல் காட்டியிருக்கிறார். பிறப்பு கூடியதன் அடையாளம் அது. அதே காலத்து எலும்புகள் பல இடங்களில் குட்டையாகின்றன, பல்லின் மேற்பூச்சில் பசியின் கோடுகள் தெரிகின்றன. தென்கிழக்காசியாவில் அரிசி தின்றவர்களுக்குப் பல்சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை என்பது ஒரு விலக்கு.

நாலு பிள்ளைகள் இருந்த இடத்தில் ஏழு பிள்ளைகள் ஆன பிறகு, காட்டுக்குத் திரும்பிப் போவோம் என்று எந்தத் தாய் சொல்வாள்? காடு அத்தனை வாய்க்குப் போதாது. யாரும் ஒருநாள் கூடி முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைகளுக்கு நல்லது என்று பட்டதைச் செய்தது. நூறு தலைமுறை கழித்துத் திரும்பும் வழி அடைபட்டிருந்தது.

பையன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அது தப்பா?" என்றான். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிழைத்த அந்தக் கூடுதல் பிள்ளைகளின் வழியில் வந்தவர்கள்தானே நாம்.

செவ்வாய், லிம் சூ காங்

975 பேருந்தில் கடைசி வரை. அடுக்குமாடிகள் முடிந்து, ராணுவப் பயிற்சி நிலங்கள், இடுகாடுகள், பிறகு பண்ணைகள். தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், நிலத்தில் ஒரு விழுக்காடு கூட வேளாண்மைக்கு இல்லை. அந்தக் கொஞ்சத்தில் பெரும்பகுதி இங்கேதான். வலைக்கூரைக்குக் கீழே சாய் சிம், கைலான், கங்கோங் கீரைகள் வரிசை வரிசையாக. வேலை செய்துகொண்டிருந்த தம்பி ஒருவர் அரியலூர்க்காரர். "ஊர்ல நெல்லு நாலு மாசம் அக்கா. இங்க சாய் சிம் ஒரே மாசம். அறுத்ததும் மறுநாளே விதைச்சிருவோம். மண்ணு தூங்கவே தூங்காது" என்றார். அவருடைய ஊரில் சொந்த நிலம் குத்தகைக்குப் போயிருக்கிறது.

அவரோடு நெல் உதிர்வதைப் பற்றிப் பேச்சு வந்தது. களைநெல் முற்றியதும் கை பட்டாலே கொட்டிவிடும். அதனால் எவ்வளவு சேதம் என்று சொன்னார். காட்டுத் தானியம் எல்லாமே அப்படித்தான். உதிர்ந்தால்தானே அதற்கு அடுத்த தலைமுறை. உதிராமல் கதிரிலேயே நிற்கும் மணி காட்டில் பிழைக்காது. ஆனால் அறுக்கிற கைக்கு அதுதான் அதிகம் சேரும், அதையே மறுபடி விதைத்தால் வயலில் அது பெருகும். மனிதர்கள் பயிரை இப்படித் தங்களுக்கேற்ப மாற்றினார்கள், தெரிந்தோ தெரியாமலோ. அந்தப் பயிர் மனிதர் கை படாமல் இனி வாழாது. அதை நம்பிய மனிதரும் அதை விட்டு வாழ முடியாது.

1966-இல் பயிர் ஆய்வாளர் ஜாக் ஹார்லன் துருக்கியில் மலைச்சரிவில் தானாக விளைந்த காட்டுக் கோதுமையைக் கையாலும் கல் அரிவாளாலும் அறுத்துப் பார்த்தார். மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் சுத்தமான தானியம் சேர்ந்தது. ஒரு குடும்பம் மூன்று வாரம் உழைத்தால் ஓராண்டுக்குத் தேவையானதை விட அதிகம் என்று கணக்கிட்டார். உழாமலே அவ்வளவு கிடைத்த இடத்தில் உழவு வர அவசரம் எதுவும் இருக்கவில்லை. சீனாவில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் தியன்லுவோஷான் ஊரில் 6,900 முதல் 6,600 ஆண்டுகளுக்கு முந்திய நெல்மணிக் காம்புகளைப் பார்த்தவர்கள், உதிராத வகை 27 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காடாகக் கூட 300 ஆண்டுகள் ஆனதைக் கண்டார்கள். அத்தனை காலமும் அந்த ஊரார் ஓக் கொட்டையும் நீர்க்கொட்டையும் சேகரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேளாண்மைப் புரட்சி என்ற பெயரில் உள்ள வேகம் எனக்கு ஒப்பவில்லை. இதே மாதிரி மெதுவாக, ஒருவரையொருவர் அறியாமல், மேற்காசியாவில் கோதுமை, பப்புவா நியூ கினி மேட்டுநிலத்தில் குக் சதுப்பின் சேம்பும் வாழையும், மெக்சிகோவில் மக்காச்சோளம், ஆப்பிரிக்காவில் சோளம்.

நம் பழந்தமிழ்க் கவிதை மரபில் தினை விளையும் மலையும், ஆநிரை மேயும் காடும், நெல் வயலும், மீன் உலரும் கடற்கரையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று முடிந்து மற்றொன்று வந்த படிக்கட்டாக யாரும் பாடவில்லை. உண்மைக்கு அதுதான் நெருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேகமாக நடந்த மாற்றம் ஒன்று வேண்டுமென்றால் சிங்கப்பூரின் காட்டையே பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடவும் சாயத்துக்கும் கேம்பியர் என்ற செடியைப் பயிரிட்டார்கள். இலையை வேகவைக்க விறகு, விறகுக்குக் காடு. கழிவு இலை மிளகுக்கு உரமாயிற்று. 15, 20 வருஷத்தில் மண் சத்து இழந்ததும் அடுத்த காடு. தோட்டக் கூலிகளாக வந்த சீனர்களில் பலர் புலிக்கு இரையானார்கள். தீவு மொட்டையானதும் தோட்டக்காரர்கள் ஜொகூருக்கு நகர்ந்தார்கள். மேற்காசியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்தது இங்கே ஒருவர் ஆயுளுக்குள் முடிந்துவிட்டது.

புதன், சிராங்கூன் சாலை

பொங்கல் நெருங்குகிறது. தேக்கா சந்தையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் குவிந்து கிடக்கின்றன. கேம்பல் லேன் பக்கம் மாடுகளையும் ஆடுகளையும் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று மாட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இந்த வட்டாரம் ஒருகாலத்தில் மாட்டு வியாபாரத்தின் மையம். பஃப்ளோ ரோடும் கெர்பாவ் ரோடும் (கெர்பாவ் என்றால் மலாயில் எருமை) இன்னும் அந்தப் பெயரோடு இருக்கின்றன.

மளிகைக் கடையில் கொள்ளும் பாசிப்பயறும் வாங்கினேன். இரண்டும் தென்னிந்தியப் புதிய கற்கால மக்களின் வயல்களோடு நெருங்கிய உறவுடையவை. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் தோண்டியபோது இரண்டுமே கிடைத்தன. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவில் அந்தக் காலத்துச் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. மாட்டுச் சாணத்தைக் குவித்துத் திரும்பத் திரும்பக் கொளுத்தியதால் உண்டானவை. மாடு அவர்களுக்குப் பாலும் இறைச்சியும் மட்டுமாக இருந்திருக்க முடியாது. பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போடும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மாட்டை ஏரில் பூட்டியது வேறு கதை. டிம் கோலரும் கூட்டாளிகளும் உலகெங்கும் அறுபதுக்கும் மேற்பட்ட பழைய ஊர்களின் வீட்டு அளவுகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்டார்கள். வேட்டையாடிகளின் வீடுகளுக்குள் வித்தியாசம் குறைவு. பயிர்த்தொழில் வந்ததும் கூடியது. உழவு மாடு இருந்த யூரேசியாவில், அது இல்லாத அமெரிக்கக் கண்டத்தை விட அதிகம் கூடியது. ஏர்மாடு வைத்திருப்பவர் நிறைய நிலம் உழுவார். இல்லாதவர் அவரிடம் கூலிக்குப் போவார். காவிரிப் படுகையில் பிறந்த எனக்கு இந்த ஆய்வு புதிதாக எதையும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டில் களஞ்சியம், யார் வீட்டில் அன்றாடம் குத்தி எடுத்த அரிசி என்பது எனக்குத் தெரியும். வேர்க்கிழங்கை வேண்டும்போது தோண்டலாம். தானியம் ஒரே சமயத்தில் விளைந்து களத்தில் குவிகிறது. குவிந்ததை அளக்கலாம், பூட்டலாம், வரி கேட்கலாம். துருக்கியின் சத்தால் ஹுயூக்கில் பல ஆயிரம் பேர் ஒட்டி ஒட்டி வீடு கட்டிக் கூரை வழியாக இறங்கி வாழ்ந்தார்கள். அங்கே நெடுங்காலம் வீடுகள் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே வேளாண்மை வந்த அன்றே மேலும் கீழும் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வாசல் மட்டும் திறந்தது.

வியாழன், காலாங்

ஆற்றங்கரையில் நடந்தேன். எதிரே தேசிய விளையாட்டரங்கின் வெள்ளைக் கூரை, துடுப்புப் படகுப் பயிற்சி. காலாங் மக்கள் 500 பேர் படகில் வாழ்ந்தது இந்த நீரில்தான். பிரிட்டிஷார் வந்த சில ஆண்டுகளில் தெமெங்கோங் என்ற மலாய்த் தலைவர் அவர்களை ஜொகூரின் புலாய் ஆற்றுக்கு அனுப்பினார். அங்கே 1840-களில் பெரியம்மை அவர்களில் மிகச் சிலரையே மிச்சம் வைத்தது. பெரியம்மை நீடிக்க நெருக்கமாக வாழும் பெருந்திரள் வேண்டும். சிதறி வாழும் சிறு கூட்டங்களில் அது தொடர்ந்து நிலைக்காது. வயலும் நகரமும் வளர்த்த நோய், வயலே இல்லாதவர்களைக் கொன்றது. இந்த விலையை அவர்கள் கொடுத்ததற்கு ஈடாக அவர்களுக்கு ஒரு பிடி நெல்கூடக் கிடைக்கவில்லை. கரையில் நின்று இதை நினைக்கும்போது கோபம்தான் வருகிறது.

தெற்குத் தீவுகளில் வாழ்ந்த கடல் மக்களின் வழிவந்தவர்களும் வீடமைப்புப் பேட்டைகளுக்கு மாறிவிட்டார்கள். அவர்களில் சிலர் வாழ்ந்த செமாக்காவ் தீவு 1999 முதல் நாட்டின் குப்பை நிரப்புமிடம். செலேத்தார் மக்கள் ஜொகூர் நீரிணையின் மறுகரை ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். நண்டும் சிப்பியும் இன்னும் அவர்கள் தொழில். நிலத்தை உழுது வேலி போட்டவருக்கு உரிமை எளிதாகக் கிடைக்கும்; சேற்றில் சிப்பி பொறுக்கியவர் எதைக் காட்டி உரிமை கேட்பார்? கட்டுமானத் திட்டங்கள் அவர்கள் கரைக்கு வந்தபோது அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2017-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுடைய பாரம்பரிய நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

இரவு அத்தையிடம் இதைச் சொன்னேன். செம்பவாங் கரையிலிருந்து சின்ன வயதில் அவர்கள் படகுகளைப் பார்த்திருக்கிறாராம். கூரை போட்ட படகு, முனையில் அடுப்பு, நாய். "வா, போய்ப் பார்த்துட்டு வரலாம். மலாய்ல நான் பேசுறேன்" என்றார். நாளை காலை இருவரும் கடற்பாலம் தாண்டி ஜொகூர் போகிறோம். அவர்கள் பேச மனம் வைத்தால் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தக் காற்றுக்கு எந்தச் சேற்றில் என்ன கிடைக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்களா? இந்தக் கரை எங்களுடையது என்று நீதிபதியிடம் சொன்னபோது எதைச் சான்றாகக் காட்டினார்கள்?